'மற்றும் சிலர்': சூனியக்காரி வேட்டையில் யாருடைய பெயருக்கு மதிப்பு?

தன் மீது விசாரணை வரும்போதெல்லாம் டொனால்ட் டிரம்ப் ஒரே சொல்லைத்தான் எடுத்து வீசுவார்: 'விட்ச் ஹன்ட்'. அதாவது, சூனியக்காரி வேட்டை. உலகின் மிக வலிமையான படையின் தலைவர், தூக்குமேடைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஏழைப் பெண்களின் வரிசையில் போய் நின்றுகொள்கிறார். அவர் மட்டுமல்ல. பாலியல் புகாரில் சிக்கிய சினிமாப் பிரபலம், மோசடியில் மாட்டிய முதலாளி, ஊழல் வழக்கில் நிற்கும் அமைச்சர் என்று பணமும் பதவியும் உள்ளவர்களுக்கெல்லாம் இந்தச் சொல் கைகொடுக்கிறது.

வேட்டையாடப்பட்டவர்களின் சொல் வேட்டைக்காரர்களின் கைக்கு எப்படிப் போனது? இதற்கான பதிலில் ஒரு பகுதி, முற்போக்காளர்களாகிய நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு நாடகத்தில் இருக்கிறது.

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' 1953 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. க்ரூசிபிள் என்றால் பொன்னை உருக்கும் மூசை. கதை நடப்பது 1692-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில். (நம்மூர்ச் சேலம் அல்ல.) பாதிரியார் பாரிஸின் மகளும் அவருடைய உறவுப் பெண் அபிகெய்லும் டிட்டுபா என்ற அடிமைப் பெண்ணோடு காட்டில் ஆடியது தெரிந்துவிடுகிறது. தண்டனைக்குப் பயந்த பெண்கள், எங்களுக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஊரார் மீது பழி போடத் தொடங்குகிறார்கள். விவசாயி ஜான் ப்ராக்டரின் வீட்டில் வேலை செய்தபோது அவரோடு உறவு வைத்திருந்த அபிகெய்ல், அவருடைய மனைவியைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள். கடைசியில் ப்ராக்டரே மாட்டிக்கொள்கிறார். பொய்யாக ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம். கையெழுத்தும் போடுகிறார். ஆனால் அந்தத் தாளைத் தேவாலயக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்றதும், என் பெயரையாவது எனக்கு விட்டுவையுங்கள் என்று கதறி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறார். அரங்கம் அழுகிறது.

நல்ல நாடகம்தான். அரசு ஆளைப் பிடித்து 'ஒப்புக்கொள்' என்று மிரட்டும் எந்த நாட்டிலும் இது மேடையேறும், ஏறவும் வேண்டும். ஆனால் இதைப் பார்த்துப் பார்த்து நாம் இரண்டு தவறான பாடங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஒன்று, இந்த வேட்டை என்பது கூட்டத்துக்குப் பிடிக்கும் பைத்தியம் என்பது. இரண்டு, அதில் பலியாவது நல்ல மனிதர்களின் நற்பெயர் என்பது. சேலத்தின் ஆவணங்கள் இந்த இரண்டையும் மறுக்கின்றன.

முதல் மூன்று பெண்கள்

1692 பிப்ரவரி 29 அன்று முதல் கைது உத்தரவுகள் பிறந்தன. மூன்று பேர். சாரா குட், வீடு வாசல் இல்லாமல் கைக்குழந்தையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டவர். சாரா ஆஸ்பர்ன், நோயாளி. நீண்ட காலமாகத் தேவாலயத்துக்குப் போகாதவர். கணவர் இறந்தபின் தன் வீட்டில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவரையே மணந்துகொண்டு, சொத்துத் தகராறில் இருந்தவர். மூன்றாவது டிட்டுபா, பாதிரியார் வீட்டு அடிமை.

பைத்தியம் இவ்வளவு கணக்காக ஆள் பார்த்து அடிக்காது. பிச்சைக்காரி, ஊர்க்கட்டுப்பாட்டை மீறி மணந்துகொண்டவள், அடிமை. யாரைத் தொட்டால் ஊரில் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்களோ, அவர்களிடம்தான் வேட்டை தொடங்கியது. சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குள் ஜீப்பை விடும் என்று நமக்குத் தெரியும்.

இந்த மூவருக்கும் என்ன நடந்தது? ஆஸ்பர்ன் மே மாதம் சிறையிலேயே இறந்தார். சாரா குட்டின் கைக்குழந்தையும் சிறையிலேயே இறந்தது. ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். நான்கைந்து வயதே ஆன அவருடைய மகள் டோரதியையும் சூனியக்காரி என்று பிடித்து மாதக்கணக்கில் விலங்கு பூட்டி வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்தக் குழந்தையின் அப்பா கொடுத்த மனுவில், அவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் புத்தி இல்லாமல் போனாள் என்று எழுதினார்.

டிட்டுபாதான் முதலில் 'ஒப்புக்கொண்டவர்'. எஜமான் தன்னை அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததாக அவர் சொன்னதை, ராபர்ட் கேலிஃப் 1700-ல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். நீதிமன்றப் பதிவுகள் அவரை 'இந்தியப் பெண்' என்கின்றன. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி என்ற பொருளில். மில்லரோ அவரைப் பார்படோஸிலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணாக்கி, முதல் காட்சியில் மிரட்டி, கடைசி அங்கத்தில் சிறைக்குள் பிதற்ற வைத்து, மேடையிலிருந்து அனுப்பிவிடுகிறார். அதன்பிறகு அவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

நிஜத்தில் அவர் ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார். அந்தக் காலத்தில் கைதி தின்ற சோற்றுக்கும் பூட்டிய விலங்குக்கும் கைதியே காசு கட்ட வேண்டும். விடுதலையானாலும் பாக்கியைத் தீர்க்காமல் வெளியே வர முடியாது. பாரிஸ் பணம் கட்ட மறுத்துவிட்டார். யாரோ ஒருவர் சிறைக் கட்டணத்தைக் கட்டி, அந்த விலைக்கு டிட்டுபாவை வாங்கிக்கொண்டு போனார். வாங்கியவர் யார் என்பது பதிவில் இல்லை. டிட்டுபா அதற்குப் பிறகு எங்கே வாழ்ந்தார், எப்போது இறந்தார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. குவாடலூப் தீவின் எழுத்தாளர் மரிஸ் கோண்டே 1986-ல் ஒரு நாவலில் அவருக்கு ஒரு வாழ்க்கையைக் கற்பனையாவது செய்து கொடுத்தார். வரலாறு கொடுக்காததை நாவல்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

பைத்தியமல்ல, நடைமுறை

'வெறி', 'பீதி', 'கூட்ட மனநிலை' என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. புயல் அடித்தது, ஓய்ந்தது என்பது போல ஆகிவிடும். ஆனால் சேலத்தில் நடந்தது புயல் அல்ல. புகார், கைது உத்தரவு, விசாரணை, சாட்சியம், தீர்ப்பு, ஜப்தி என்று ஒவ்வொரு கட்டமும் தாளில் எழுதி, கையெழுத்திட்டு நடந்தது. மே மாதம் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் இதற்கென்றே தனி நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். அந்த நீதிமன்றம் ஒரு விசித்திரமான சாட்சியத்தை ஏற்றது. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், அவருடைய ஆவியுரு வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த உருவம் சொன்னவரின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இதை எப்படி மறுப்பது?

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. மறுத்தவர்கள்தான் செத்தார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, வேறு யாரெல்லாம் கூட்டு என்று சொல்ல வேண்டும். ஆக, உயிரின் விலை இன்னொருவர் பெயர். இந்த ஏற்பாட்டில் 150-க்கும் மேற்பட்டவர்கள் மீது பழி விழுந்தது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். வாக்குமூலம் தர மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியை மார்பின் மீது கல் ஏற்றிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள்.

எப்போது நின்றது? பழி மேல்தட்டை எட்டியபோது. ஆளுநரின் மனைவி பெயரும் அடிபடத் தொடங்கியிருந்தது. போஸ்டன் பாதிரியார்களும் ஆவியுருச் சாட்சியம் ஆபத்து என்று எழுதினார்கள். அக்டோபரில் ஃபிப்ஸ் நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்து வந்த நீதிமன்றத்தில் ஆவியுருச் சாட்சியம் செல்லாது என்றானது. பெரும்பாலோர் விடுதலையானார்கள். பிச்சைக்காரிக்கும் அடிமைக்கும் செல்லுபடியான சாட்சியம் ஆளுநர் வீட்டு வாசலுக்கு வந்ததும் செல்லாமல் போனது. பைத்தியம் இப்படித் தெளியுமா?

நீதிபதிகளில் சாமுவேல் சீவால் 1697-ல் தேவாலயத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஸ்டோட்டன் கடைசிவரை கேட்கவில்லை. அதனால் அவர் பதவிக்கு எந்தக் குறையும் வரவில்லை. பின்னர் பொறுப்பு ஆளுநராகவே இருந்தார்.

வரலாற்றாசிரியர் கேரல் கார்ல்சன் 1987-ல் வெளியிட்ட நூலில் நியூ இங்கிலாந்தின் சூனிய வழக்குகளை எடுத்து ஆராய்ந்தார். சகோதரனோ மகனோ இல்லாததால் சொத்து தங்கள் கைக்கு வந்த, அல்லது வரவிருந்த பெண்கள் அதிகமாகக் குறிவைக்கப்பட்டதைக் காட்டினார். இதைப் படிக்கும்போது ஜார்கண்டும் அசாமும் நினைவுக்கு வராமல் போகாது. பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999-லும் ஜார்கண்ட் 2001-லும் தனிச்சட்டம் கொண்டுவந்தன. அசாம் சட்டமன்றம் 2015-ல் நிறைவேற்றியது. முத்திரை குத்தப்பட்டுத் தப்பிவந்து, மற்றப் பெண்களைக் காப்பாற்றப் போராடும் சுட்னி மகதோவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கேயும் விதவையின் காணி நிலம், தனித்து வாழும் பெண்ணின் வீடு என்று பல வழக்குகளுக்குப் பின்னால் சொத்து இருக்கிறது. நகரத்து ஊடகங்கள் அதை 'ஆதிவாசிகளின் மூடநம்பிக்கை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பகுத்தறிவு பேசும் நாமும் அந்த வரியோடு நின்றுவிடக் கூடாது. மூடநம்பிக்கையால் யாருக்கு நிலம் கிடைத்தது என்று கேட்காத பகுத்தறிவு அரைப் பகுத்தறிவுதான்.

பழியை யார் தலையில் கட்டுவது?

மில்லருக்கு இந்தச் சொத்துக் கணக்கு தெரியாததல்ல. நாடகத்தில் தாமஸ் புட்னம் என்ற பணக்காரரின் நிலவெறியைக் காட்டத்தான் செய்கிறார். ஆனால் கதையை ஓட்டும் இயந்திரம் அதுவல்ல. ஒரு வேலைக்காரப் பெண்ணின் காமம்.

நிஜ அபிகெய்லுக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. ஜான் ப்ராக்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. மில்லர் அவளைப் பதினேழாக உயர்த்தி, அவரை முப்பதுகளுக்கு இறக்கி, இருவருக்கும் இடையில் இல்லாத உறவை உருவாக்கினார். கலைஞருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. அதை எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்கும் சுதந்திரம் நமக்கும் உண்டு. நாடகத்தின்படியே பார்த்தாலும், வீட்டு எஜமான் தன்னிடம் வேலை செய்த இளம்பெண்ணோடு உறவு கொள்கிறார். வேலை போவது அவளுக்கு. கெட்டபெயர் அவளுக்கு. ஊரே அழிந்த பழியும் அவளுக்கு. அவருக்கு மனசாட்சியின் வேதனையும் கதாநாயகனின் மரணமும். இரண்டாம் அங்கத்தில் இன்னொரு வேலைக்காரப் பெண்ணான மேரி வாரனை அவர் சாட்டையால் அடிக்கப் போகிறார். அந்தக் காட்சியை எத்தனை விமர்சனங்கள் பேசியிருக்கின்றன?

ஆவணமோ வேறு ஒன்றைச் சொல்கிறது. பிப்ரவரி 29 அன்று நீதிபதிகளிடம் போய்ப் புகார் கொடுத்தவர்கள் சிறுமிகள் அல்ல. நான்கு வளர்ந்த ஆண்கள். அவர்களில் இருவர் புட்னம் குடும்பத்தவர். சிறுமிகள் பொய் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிறுமிகளின் பேச்சைச் சட்டமாக்கியது தாடி வைத்த பெரியவர்கள்.

புகார் சொல்லும் பெண் பொய்க்காரி, பழிவாங்குகிறவள், ஆசை நிறைவேறாதவள். புகாருக்கு ஆளான ஆண் சூழ்நிலைக்குப் பலியானவர். டிரம்ப்களுக்கும் சினிமாப் பிரபலங்களுக்கும் 'விட்ச் ஹன்ட்' என்ற சொல் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நாடகம் எழுதப்பட்டது அவர்களுக்காக அல்ல. ஆனால் அவர்கள் வந்து குடியேற வசதியாக ஒரு அறையை அது திறந்தே வைத்திருக்கிறது. 2025-ல் பிராட்வேயில் கிம்பர்லி பெல்ஃப்ளவரின் ஒரு நாடகம் வந்தது. ஜார்ஜியா மாகாணத்தின் சிற்றூர்ப் பள்ளியில் 'க்ரூசிபிள்' படிக்கும் மாணவிகளின் கதை. அதன் தலைப்பே, ஜான் ப்ராக்டர்தான் வில்லன் என்று சொல்கிறது. அந்தக் கேள்வி வருவதற்கு எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

1950-களின் ஆவியுருக்கள்

மில்லர் எழுதியது 1692-ஐப் பற்றி மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' குழு ஆட்களை அழைத்து, உன் தோழர்களின் பெயரைச் சொல் என்று கேட்டது. மில்லரின் நண்பரும் அவருடைய நாடகத்தை இயக்கியவருமான எலியா கசான் 1952 ஏப்ரலில் எட்டுப் பெயர்களைச் சொன்னார். 1956 ஜூன் 21 அன்று குழுவின் முன் நின்ற மில்லர் தன்னைப் பற்றிப் பேசினார், மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957-ல் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு, 500 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. இந்த நெஞ்சுரத்துக்கு நம் மரியாதை உண்டு.

ஆனால் அதே குழுவின் முன், அதற்கு ஒன்பது நாட்கள் முன்னால் நின்றவர் பால் ராப்சன். கறுப்பினப் பாடகர், நடிகர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்தவரின் மகன். 1950-லேயே அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்திருந்தார்கள். ரஷ்யாவிலேயே இருந்திருக்க வேண்டியதுதானே என்று குழு கேட்டபோது, என் தந்தை அடிமையாக இருந்தார், என் மக்கள் செத்துக் கட்டிய நாடு இது, இதில் என் பங்கை விட்டுப் போகமாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். உள்ளே இருந்த அரங்குகளெல்லாம் அவருக்கு மூடப்பட்டன, வெளியே போகவும் வழியில்லை. 1946-ல் இதே குழுவிடம் கூ க்ளக்ஸ் கிளானை விசாரிக்கச் சொன்னபோது போதிய தகவல் இல்லை என்று கைவிரித்தது. கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்டவர்கள் அமெரிக்க விரோதிகள் இல்லை. அதைக் கண்டித்துப் பாடியவர் விரோதி.

டோரதி பெய்லியை இன்னும் குறைவானவர்களுக்குத்தான் தெரியும். மத்திய அரசு ஊழியர், கறுப்பினப் பெண், தொழிற்சங்கத் தலைவர். அரசு விசுவாசம் இல்லாதவர் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். அவருக்கு எதிராகத் தகவல் கொடுத்தவர்கள் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. விசாரித்த வாரியத்துக்கே தெரியாது. அவர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாட்சியம்: சேலத்தின் ஆவியுரு 250 ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவரின் ரத்தத்தையும் வெள்ளையரின் ரத்தத்தையும் தனித்தனியாக வைப்பதை எதிர்த்துக் கடிதம் எழுதினாயா என்பது. ரத்தத்தில் தீட்டு பார்ப்பதை எதிர்ப்பதே தேசத்துரோகத்தின் அடையாளம்! 1951-ல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று நீதிபதிகள் பிரிந்ததால் பணிநீக்கம் நிலைத்தது. கசானுக்கு 1999-ல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது.

பெயரின் விலை

இப்போது ப்ராக்டரின் அந்தக் கதறலுக்கு வருவோம். என் பெயர். ஊரில் நிலமும் மதிப்பும் உள்ள மனிதனுக்குப் பெயர் என்பது ஒரு சொத்து. அதை இழப்பது சாவைவிடக் கொடுமை என்று அவனுக்குத் தோன்றலாம். 'குடும்பப் பெயர் கெட்டுப்போச்சு' என்று சொல்லி மகளை வெட்டும் நாட்டில் இருந்துகொண்டு இந்த வசனத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட முடியுமா?

பெயரின் விலையை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. 1711-ல் மாசசூசெட்ஸ் நிர்வாகம் இழப்பீடு வழங்கியது. ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்டு. சாரா குட்டுக்கு 30 பவுண்டு. அதுவும் போய்ச் சேர்ந்தது, என் மனைவி சூனியக்காரியாக இருப்பாளோ என்று பயப்படுகிறேன் என விசாரணையில் சொன்ன அவருடைய கணவனுக்கு. மார்த்தா கேரியர் குடும்பத்துக்கு 7 பவுண்டு 6 ஷில்லிங். டிட்டுபாவுக்கு ஒன்றுமில்லை. மனு கொடுக்க ஆள் இல்லாதவர்களின் தண்டனை அப்படியே நின்றது.

1957-ல், மில்லர் குற்றவாளி என்று தீர்ப்பான அதே ஆண்டில், மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அதில் ஆன் புடியேட்டர் என்ற ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. மீதிப் பேர் 'மற்றும் சிலர்'. முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் உள்ளிட்ட ஐந்து பெண்களின் பெயர் சட்டத்தில் ஏற 2001 ஆனது. மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பிய எலிசபெத் ஜான்சன், திருமணமாகாதவர், சந்ததி இல்லாதவர். அவருக்கு நீதி கேட்டது ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள். கிடைத்தது 2022-ல். 329 ஆண்டுகள். பெயர் உள்ளவர்களுக்கு 19 ஆண்டுகளில் கிடைத்தது, பெயர் இல்லாதவர்களுக்கு மூன்று நூற்றாண்டு காத்திருந்தது.

இதனால் நாடகத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் தோழர்களே. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு. ப்ராக்டர் தன் பெயரைக் காப்பாற்றுவதற்கு முன்பு இன்னொன்று செய்கிறார். சூனியத்தில் உன்னோடு வேறு யாரைப் பார்த்தாய் என்று கேட்கும்போது, யாரையும் சொல்ல மறுக்கிறார். மில்லர் குழுவின் முன் செய்ததும் அதைத்தான். தன் பெயருக்காகச் சாவதில் பெருமை இருக்கலாம். இன்னொருவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்தான் அரசியல் இருக்கிறது.

இந்த நாடகத்தை மேடையேற்ற நினைக்கும் கல்லூரி நாடகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராக்டர் தூக்குமேடைக்குப் போவதோடு திரையை இறக்கிவிடாதீர்கள். சிறைக் கட்டணப் பாக்கிக்காக உள்ளேயே நிற்கும் டிட்டுபாவை மேடையில் நிறுத்துங்கள். அந்தக் காசை யார் கட்டுவது என்று பார்வையாளர்களைப் பார்த்துக் கேட்க வையுங்கள். அடுத்தமுறை ஒரு பெரிய மனிதர் தன்னைச் சூனியக்காரி வேட்டையாடுகிறார்கள் என்று புலம்பும்போது, நம் இளைஞர்கள் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: ஐயா, உங்கள் சிறைக் கட்டணம் எவ்வளவு, அதற்காக உங்களை யார் விலைக்கு வாங்கினார்கள்?